வழக்குத் தாளில் பிழை நேர்ந்தால்



நீதிமன்றப் படியேறுவது நம்மில் எவருக்கும் விருப்பமான காரியமன்று. ஆயினும் சாலை விபத்து, தவணைக் கடன், பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று ஏதோ ஒன்று வழக்கை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது. அப்படி வந்த பிறகு, "நம் பக்கம் நியாயம் இருக்கிறது, நீதிபதி விசாரித்துத் தெரிந்துகொள்வார்" என்று நாம் அமைதியாக இருந்துவிடுகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மற்றப் பாதியை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உரிமையியல் வழக்கில் நீதிபதி தாமே ஊருக்குள் சென்று உண்மையைத் தேடுவதில்லை. இரு தரப்பாரும் எழுதிக் கொடுத்த தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு, இவர்கள் எந்த எந்த விஷயத்தில் மாறுபடுகிறார்கள் என்று பார்க்கிறார். அந்த விஷயங்களுக்குத்தான் சாட்சி கேட்கிறார். அவற்றுக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறார். வழக்குத் தொடுப்பவரை வாதி என்றும், வழக்குக்கு உள்ளானவரைப் பிரதிவாதி என்றும் சொல்கிறோம். நடந்தது என்ன, தமக்கு வேண்டியது என்ன என்று வாதி எழுதிக் கொடுப்பது வழக்குரை. அதற்குப் பிரதிவாதி எழுதிக் கொடுக்கும் பதில் எதிருரை. சில வழக்குகளில் எதிருரைக்கு வாதி மறுமொழி எழுதுவதும் உண்டு.

இத்தாள்களில் எழுதியதற்குள் நின்றுதான் இரு தரப்பாரும் வாதாட வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நீதிமன்றத்தில் அழுகை வாயால் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் இருக்க வேண்டும். தொழிலாளர் நேயர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தொழில் நீதிமன்றம் நியாயத்தையும் நல்ல மனச்சாட்சியையும் பார்த்து முடிவு செய்யும்படி சட்டமே சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும், அங்கே வழக்காடுவோரும் தாங்கள் எழுதிக் கொடுத்ததற்குக் கட்டுப்பட்டவர்களே என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போனவரை, சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் மோதிவிடுகிறது. கால் எலும்பு முறிகிறது. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு வழக்கறிஞரைப் பார்த்து வேன் உரிமையாளர்மீது வழக்குத் தொடுக்கிறார். வழக்குரையில் ஆறு மாதச் சம்பள இழப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாடகைக் கார்ச் செலவும், எழுந்து நடக்க முடியாத காலத்தில் சமைத்துப் போட்டு உதவிய பெண்ணுக்குக் கொடுத்த கூலியும் விட்டுப்போயின. விபத்து நடந்த நாள் 21 என்பதற்குப் பதிலாக 12 என்று விழுந்துவிட்டது. வேனின் உரிமையாளரான கம்பெனியின் பெயரிலும் ஒரு சொல் பிசகிவிட்டது. வழக்குத் தொடுத்த பிறகு, இரண்டாம் முறையாக அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்.

கைக்காசு செலவழித்து ஏற்பட்ட இழப்பு எதுவானாலும், அது இன்னது, இவ்வளவு என்று வழக்குரையில் குறிப்பிட வேண்டும். பிறகு ரசீதோடும் சாட்சியோடும் மெய்ப்பிக்க வேண்டும். இது நம் நாட்டு நீதிமன்றங்கள் கண்டிப்பாகப் பார்க்கும் விதி. ஆகவே அந்தத் தாயார் சாட்சிக் கூண்டில் நின்று, "ஐயா, கார் வாடகைக்கே இவ்வளவு கொடுத்தேன்" என்று கண்ணீரோடு சொன்னாலும், எதிர்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இது வழக்குரையில் இல்லை" என்று தடுத்துவிடலாம். உண்மையாகவே செலவழித்த பணம், தாளில் ஒரு வரி இல்லாத காரணத்தால் கிடைக்காமற் போகும்.

நல்ல வேளையாக, எழுதியது எழுதியதுதான் என்று சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. பிழையைத் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறது. முன்பு உயர் நீதிமன்றத்துக்கு ஒன்றும் கீழ் நீதிமன்றங்களுக்கு ஒன்றுமாக 1980ஆம் ஆண்டின் இரண்டு விதித் தொகுப்புகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், செஷன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. அத்தொகுப்பின் 20ஆம் கட்டளை முழுவதும் திருத்தத்தைப் பற்றியதே.

திருத்தத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழிக்கு நீதிமன்றத்தின் அனுமதியே வேண்டாம். வழக்குரையும் எதிருரையும் பரிமாறிக்கொள்ளும் கட்டம் முடிவதற்கு முன் ஒரு தடவை, ஒரே தடவை, தாமாகவே திருத்திக்கொண்டு, திருத்திய தாளை எதிர்தரப்புக்குச் சேர்ப்பிக்கலாம். அந்தக் கட்டம் எப்போது முடிகிறது? வாதி மறுமொழி கொடுத்திருந்தால் அது சேர்ப்பிக்கப்பட்டு 14 நாள் கழிந்ததும் முடிகிறது. மறுமொழி இல்லாவிட்டால், பொதுவாக எதிருரை சேர்ப்பிக்கப்பட்டு 14 நாள் கழிந்ததும் முடிகிறது. இந்த நாட்களுக்குள் நாம் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால், காரியம் சுலபம், செலவும் குறைவு.

இரண்டாம் வழி, இரு தரப்பாரும் இணங்கிப்போவது. திருத்தத்துக்கு எதிர்தரப்பு எழுத்து மூலம் சம்மதித்தால், வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் திருத்திக்கொள்ளலாம். தேதிப் பிழை, எண் பிழை போன்ற சிறு விஷயங்களுக்குப் பெரும்பாலும் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

மூன்றாம் வழிதான் நீதிமன்றத்தின் அனுமதியைக் கோருவது. பரிமாற்றக் கட்டம் முடிந்துவிட்டது, எதிர்தரப்பும் சம்மதிக்கவில்லை என்றால் இதைத் தவிர வேறு வழியில்லை. வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தத்துக்கு அனுமதி கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கொடுக்கலாம் என்பதுதான் விதி. கொடுத்தே தீர வேண்டும் என்பதன்று. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

அனுமதி கோரும் முறை இதுதான். வழக்கறிஞர் ஒரு விண்ணப்ப அறிவிப்பைத் தாக்கல் செய்வார். மலாயில் இதை நோத்திஸ் பெர்மோஹோனான் என்பார்கள். அத்துடன், ஏன் திருத்தம் தேவைப்படுகிறது, இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று விளக்கும் சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்றும் இருக்கும். அபிடவிட் என்று நாம் சொல்வது அதைத்தான். எப்படித் திருத்தப் போகிறோம் என்று காட்டும் நகலையும் அதோடு இணைப்பார்கள். முதல் திருத்தமானால், புதிதாகச் சேர்ப்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டும், நீக்குவதைச் சிவப்புக் கோட்டால் அடித்தும் காட்டுவது வழக்கம். பழையது எது, புதியது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் அல்லவா? எதிர்தரப்பு ஆட்சேபித்தால் அவர்களும் பிரமாணப் பத்திரம் கொடுப்பார்கள். இரண்டையும் படித்து, இரு வழக்கறிஞர்களின் வாதத்தையும் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யும்.

நீதிமன்றம் எதைப் பார்த்து முடிவு செய்கிறது? இதற்கு நம் நாட்டில் வழிகாட்டியாக இருப்பது யமாஹா மோட்டார் கம்பெனி வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பு. 1983ஆம் ஆண்டின் மலாயன் சட்டத் தொகுப்பில் வெளியான அத்தீர்ப்பில், கூட்டரசு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்துக் கொடுத்தது.

முதற் கேள்வி, திருத்தம் நல்லெண்ணத்தோடு கேட்கப்படுகிறதா என்பது. உண்மையாகவே விட்டுப்போனதைச் சேர்ப்பது வேறு; வழக்கை இழுத்தடிக்க வேண்டும் என்றே கேட்பது வேறு.

இரண்டாம் கேள்வி, திருத்தத்தால் எதிர்தரப்புக்கு ஏற்படும் பாதிப்பைச் செலவுத்தொகை கொடுத்து ஈடுசெய்ய முடியுமா என்பது. நாம் தாளை மாற்றினால் அவர்களும் தங்கள் பதிலை மாற்ற வேண்டும். வழக்கறிஞருக்கு மறுபடி வேலை. விசாரணை நாள் தள்ளிப்போகலாம். இவற்றைப் பணத்தால் சரிக்கட்ட முடியுமானால், அத்தொகையைக் கொடுக்கச் சொல்லிவிட்டு நீதிமன்றம் திருத்தத்தை அனுமதிக்கும். அந்தத் தொகையைப் பெரும்பாலும் திருத்தம் கேட்டவர்தான் கொடுக்க நேரிடும்.

மூன்றாம் கேள்வி, திருத்தத்தால் வழக்கின் தன்மையே மாறி, முன்னுக்குப் பின் முரணான வேறொரு வழக்காகிவிடுகிறதா என்பது. "நான் அவருக்குக் கடன் கொடுத்தேன், திருப்பித் தரவில்லை" என்று வழக்குப் போட்டவர், பாதியில், "அது கடனே அல்ல, கூட்டு வியாபாரத்தில் நான் போட்ட முதல், லாபத்தில் பங்கு வேண்டும்" என்று மாற்ற வந்தால், அது பழைய வழக்கைத் திருத்துவதாகாது. பழைய வழக்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு புதிய வழக்கு ஒன்று உள்ளே நுழைவதாகும்.

நம் தாயாரின் வழக்கை இந்த மூன்று கேள்விகளோடும் வைத்துப் பார்ப்போம். தேதிப் பிழையைத் திருத்துவதில் யாருக்கும் தீங்கில்லை. கார்ச் செலவும் உதவிக் கூலியும் அதே விபத்தால் வந்தவை. இரண்டாம் சிகிச்சையும் அதே காலுக்குத்தான். வழக்கின் தன்மை மாறவில்லை. எதிர்தரப்புக்கு அதிகமாகும் வேலைக்குச் செலவுத்தொகை ஈடாகும். ஆகவே விசாரணைக்கு நெடுநாள் முன்பே கேட்டால் அனுமதி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வழக்காடுவோரின் உரிமை என்ன என்று தீர்மானிப்பதுதான் நீதிமன்றத்தின் வேலை. தாள் எழுதியதில் செய்த தவறுக்குத் தண்டிப்பது அதன் வேலையன்று என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலச் சட்டத்தில் வேரூன்றி, நமக்கும் வந்து சேர்ந்த கொள்கை.

ஆனால் நேயர்களே, "எந்தக் கட்டத்திலும் திருத்தலாம்" என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடலாகாது. 2015இல் கூட்டரசு நீதிமன்றம் இதில் கண்டிப்பான ஒரு முடிவைச் சொன்னது. விசாரணை நெருங்கிய பிறகு தாமதமாகத் திருத்தம் கேட்பவர்களுக்கு அந்த மூன்று கேள்விகள் மட்டும் போதா. இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க, நியாயமான விளக்கம் தர வேண்டும். அது வெறும் தந்திரமாக இருக்கக் கூடாது. தாமதத்தால் எதிர்தரப்புக்கு வரும் தொல்லை எல்லாவற்றையும் பணத்தால் ஈடுசெய்துவிட முடியாது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். காரணமும் விளங்குகிறது. சாட்சிகளின் ஞாபகம் மங்கிப்போகும். குறித்த விசாரணை நாள் வீணாகும். வரிசையில் காத்திருக்கும் மற்றவர்களின் வழக்கும் பின்னுக்குப் போகும்.

தாமதத்தில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் காலவரையறை. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் மீறியதற்கும், கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கும் பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்து, அவரை நம்பியிருந்த குடும்பத்தார் நஷ்டஈடு கோருவதானால் 3 ஆண்டுகள்தாம். அரசாங்கத்தின்மீதோ, பொது அதிகாரத்தின்மீதோ அதன் கடமை தொடர்பாகத் தொடுப்பதற்கு 36 மாதங்கள். இக்கெடு கடந்துபோன பிறகு, முன்பு சொல்லாத புதிய கோரிக்கையைத் திருத்தம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவர நீதிமன்றம் எளிதில் இடந்தராது. எதிர்தரப்புக்குக் காலம் கொடுத்த பாதுகாப்பைப் பின்வாசல் வழியாகப் பறிப்பதாகும் அல்லவா?

அப்போதுங்கூடச் சில திருத்தங்களுக்கு விதி இடம் வைத்திருக்கிறது. கட்சிக்காரரின் பெயரை உண்மையாகவே பிழையாக எழுதியிருந்து, யாரைக் குறிக்கிறோம் என்பதில் எவரும் ஏமாறவில்லையென்றால், பெயரைத் திருத்த அனுமதி கேட்கலாம். தாயாரின் வழக்கில் கம்பெனிப் பெயரில் ஒரு சொல் பிசகியது இந்த வகை. ஏற்கெனவே எழுதிய அதே நிகழ்ச்சிகளிலிருந்தோ, பெரும்பாலும் அவற்றையே ஒத்த நிகழ்ச்சிகளிலிருந்தோ எழும் வேறொரு கோரிக்கையைச் சேர்க்கவும் கேட்கலாம். ஆனால் 6 ஆண்டுகள் கழித்து, வழக்கில் இல்லாத வேறொருவரைப் புதிதாகப் பிரதிவாதியாக்க நினைப்பது பெயர்ப் பிழையைத் திருத்துவதன்று. அது பெரும்பாலும் நடவாத காரியம். எனவே யார் யார்மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே வழக்கறிஞரோடு பேசித் தெளிந்துகொள்வது நல்லது. வண்டியை ஓட்டியவர் ஒருவராகவும் உரிமையாளர் வேறொருவராகவும் இருக்கும்போது இது மிகவும் முக்கியம்.

இதுவரை வாதியின் பக்கத்தைப் பார்த்தோம். பிரதிவாதியாக நிற்பவர்களுக்கும் இதே உரிமை உண்டு. நண்பர் தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதாகக் கொள்வோம். நண்பர் தவணை கட்டாமல் போக, நிதி நிறுவனம் ஜாமீன்தாரர்மீது வழக்குப் போடுகிறது. அவசரத்தில், "நான் கடனாளி அல்ல" என்று மட்டும் எதிருரையில் எழுதுகிறார்கள். பிறகு பெட்டியைக் குடைந்தபோது, பல மாதத் தவணையை ஜாமீன்தாரரே கட்டிய ரசீதுகள் கிடைக்கின்றன. எதிருரையில் இந்தப் பணம் கட்டிய செய்தி இல்லையென்றால், ரசீது கையில் இருந்தும் பயன்படாமற் போகக் கூடும். உடனே வழக்கறிஞரிடம் சொல்லி எதிருரையைத் திருத்த வேண்டும். அதே சமயம், எதிருரையில் ஒன்றை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டுப் பிறகு அதை மறுக்க அனுமதி கேட்டால், நீதிமன்றம் மிகக் கவனமாகவே ஆராயும். ஆகவே ஒப்புக்கொள்ளும் வரிகளில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. நீதிமன்றம் குறித்த நாட்களுக்குள் திருத்திய தாளைத் தாக்கல் செய்ய வேண்டும். நாள் எதுவும் குறிக்காவிட்டால் 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால், நீதிமன்றம் கெடுவை நீட்டித்துக் கொடுத்தாலன்றி, அந்த அனுமதி செல்லாமற் போய்விடும். இன்னொன்று, திருத்தம் கிடைத்தது என்றால் வழக்கில் வென்றுவிட்டோம் என்று பொருளன்று. கார்ச் செலவைத் தாளில் சேர்த்தாயிற்று. அதை மெய்ப்பிக்கும் ரசீதையும் சாட்சியையும் நாம்தான் கொண்டுவர வேண்டும். கதவு திறந்திருக்கிறது, நடந்து உள்ளே போவது நம் பொறுப்பு.

அப்படியானால் நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவை யாவை? நீதிமன்றத் தாள்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புரியாத தாளில் கையெழுத்துப் போடுவது நம்மிடையே நெடுநாள் பழக்கம். அதை விட வேண்டும். வழக்குரையானாலும் எதிருரையானாலும், அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களை வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால், வழக்கறிஞர் அலுவலகத்திலேயே விளக்கச் சொல்லுங்கள்; கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சத்தியப் பிரமாணப் பத்திரமானால், பிரமாண ஆணையர் முன்னிலையில் அது நமக்குப் புரியும்படி வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்.

தாளைப் படிக்கும்போது ஐந்து விஷயங்களைச் சரிபாருங்கள். நம் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் சரியா? எதிர்தரப்பின் பெயர் சரியா? நடந்த நாள், இடம், வண்டி எண் ஆகியவை போலீஸ் புகாரோடு ஒத்திருக்கின்றனவா? நாம் செலவழித்த ஒவ்வொரு வெள்ளியும், இழந்த ஒவ்வொரு நாள் சம்பளமும் எழுதப்பட்டிருக்கிறதா? நாம் சொல்லாத ஏதேனும் நம் பெயரால் எழுதப்பட்டிருக்கிறதா? ரசீதுகளையும் மருத்துவச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வழக்குத் தொடுத்த பிறகு டாக்டர் புதிதாக ஏதேனும் சொன்னால், அடுத்த விசாரணை நாள் வரட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே வழக்கறிஞருக்குத் தெரிவியுங்கள். என்றைக்குத் தெரிவித்தோம் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தாமதம் ஏன் என்று பின்னால் கேள்வி எழுந்தால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள், 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி உதவி வழங்கும் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்ற அரசாங்க இலாகாவை அணுகலாம். வருமானத்தைப் பொறுத்தும் வழக்கின் வகையைப் பொறுத்தும் அங்கே உதவி கிடைக்கும். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன. போகும்போது கையிலுள்ள தாள்கள் அனைத்தையும் கொண்டுபோங்கள்; எது முக்கியம், எது முக்கியமல்ல என்று நாமே பிரித்துப் பார்த்து வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நாம் அறிந்த பழமொழி. வழக்குத் தாளில் உள்ள பிழையை முதல் மாதத்தில் கண்டால் பேனாவால் திருத்திவிடலாம். ஓராண்டு கழித்துக் கண்டால் விண்ணப்பமும் செலவுத்தொகையும் வேண்டும். விசாரணை நெருக்கத்தில் கண்டால் நீதிபதிக்கு நல்ல காரணம் சொல்ல வேண்டும். கெடு கடந்து கண்டால், பல வேளைகளில் நியாயம் இருந்தும் பலன் இராது. நம் வழக்கு என்ன என்பது நம்மைவிட வேறு எவருக்கும் நன்றாகத் தெரியாது. ஆகவே அது தாளில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே.